காட்டின் வரவுக் கணக்கு: அன்றும் இன்றும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பீட்டர்ஷாம் என்ற சிற்றூரை ஒட்டி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்காடு இருக்கிறது. மே மாதத் தொடக்கத்தில் அந்தக் காட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் கிளைகளுக்கு இடையே வானம் தெரியும். ஜூன் பாதிக்குள் வானம் மறைந்துவிடும். அந்த ஐந்தாறு வாரத்தில் சிவப்பு ஓக்கும் சிவப்பு மேப்பிளும் விடுகிற இலைகளையெல்லாம் பறித்து ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பினால், காட்டின் தரையை நாலைந்து தடவை மூடலாம். அக்டோபர் முடிவதற்குள் ஏறக்குறைய அத்தனையும் சிவந்து, பழுத்து, உதிர்ந்துவிடும்.

இடையிலுள்ள ஐந்து மாதத்தில் இந்த இலைக்கூரை எவ்வளவு கரியமில வாயுவை இழுத்துச் சர்க்கரையாக்கியது? எந்த வாரத்தில் மும்முரமாக வேலை செய்தது, எப்போது தளர்ந்தது? கேட்க எளிய கேள்விதான். ஓர் இலைக்கு விடை சொல்வதும் கடினமில்லை. இலையை ஒரு சிறு பெட்டிக்குள் அடைத்து, உள்ளே போகிற காற்றையும் வெளியே வருகிற காற்றையும் ஒப்பிட்டால் போதும். இருபது மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிற காடு முழுவதற்கும் அதே கேள்வியைக் கேட்டால்தான் சிக்கல். அதற்கு விடை தேடிய முறை கடந்த அறுபது ஆண்டுகளில் அடியோடு மாறியிருக்கிறது. அதைவிட, கேள்வியே மாறியிருக்கிறது. அன்று 'ஆண்டுக்கு எவ்வளவு' என்று கேட்டார்கள். இன்று 'எப்போது' என்று கேட்கிறார்கள்.

அந்தக் காட்டின் வளாகத்தில் உள்ள ஃபிஷர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் 23 சிறு மாதிரிக் காட்சிகள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒரு வரிசை, ஒரே நிலம் காலத்தால் மாறியதைக் காட்டுகிறது. 1700-இல் முதுகாடு. 1740-இல் மரத்தை வெட்டி நிலம் திருத்தும் குடியேறிகள். 1830-இல் கல்வேலிகளுக்கு நடுவே வயலும் மேய்ச்சலும்; காடு தொலைவில் ஒதுங்கிவிட்டது. 1850-இல் கைவிடப்பட்ட பண்ணை. பிறகு அதே வயலில் தானாக முளைத்த வெள்ளைப் பைன். பைனை வெட்டி விற்றபின் அதன் நிழலில் காத்திருந்த ஓக்கும் மேப்பிளும் எழுந்தன. மனிதர் கைவிட்ட நிலத்தை மரங்கள் மீட்டுக்கொண்ட வரலாறு இது. காட்டுக்குள் நடப்பவர்கள் இன்றும் அந்தக் கல்வேலிகளைத் தாண்டித்தான் போகவேண்டும். இந்த வரலாறு தெரியாவிட்டால் பின்னால் வந்த எண்களுக்குப் பொருள் புரியாது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

1907-இல் இந்த ஆய்வுக்காடு தொடங்கியபோது வனவியலாளரின் கேள்வி மரக்கட்டை பற்றியது. ஏக்கருக்கு எத்தனை கன அடி, எத்தனை ஆண்டில் வெட்டலாம் என்பதுதான் கணக்கு. காடு மூச்சுவிடுவதை அளக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலானது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். 1964 முதல் 1974 வரை பல நாடுகள் சேர்ந்து நடத்திய பன்னாட்டு உயிரியல் திட்டம் அதற்குப் பெரும் வேகம் கொடுத்தது. உலகின் காடுகளும் புல்வெளிகளும் ஆண்டுக்கு எவ்வளவு உயிர்ப்பொருளை ஆக்குகின்றன என்று ஒரே முறையில் அளந்து பார்க்க முனைந்த முதல் பெருமுயற்சி அது.

முறை கடுமையான உடலுழைப்பு. ஒரு பரப்பைக் கயிறுகட்டி வகுத்து, அதிலுள்ள ஒவ்வொரு மரத்தின் தடிமனையும் மார்பளவு உயரத்தில் நாடாவால் அளப்பார்கள். பல அளவுகளில் சில மரங்களைத் தேர்ந்து வெட்டிச் சாய்ப்பார்கள். அடிமரம், பெருங்கிளை, சுள்ளி, இலை என்று கூறுபிரித்து, தராசில் ஏற்றி எடைபோடுவார்கள். முடிந்தால் வேரையும் தோண்டியெடுத்து, மண்ணைக் கழுவி எடைபோடுவார்கள். ஒவ்வொரு கூறிலிருந்தும் கொஞ்சம் எடுத்து உலர்கலனில் நீர் வற்றும்வரை வைத்து மறுபடியும் எடை. இத்தனைக்கும் பிறகு, தடிமன் இவ்வளவு என்றால் எடை இவ்வளவு என்று ஒரு சூத்திரம் கிடைக்கும். அதன்பின் மரத்தை வெட்டவேண்டாம், நாடா போதும். காட்டுத் தரையில் வலைக்கூடைகள் வைத்து உதிரும் சருகைச் சேகரித்து, இனவாரியாகப் பிரித்து, அதையும் நிறுப்பார்கள். இந்த ஆண்டின் எடையிலிருந்து போன ஆண்டின் எடையைக் கழித்து, சருகைக் கூட்டினால் விடை.

அந்த விடை ஆண்டுக்கு ஓர் எண். மரம் உண்டாக்கிய சர்க்கரையில் தன் உயிர்ப்புக்குச் செலவழித்ததுபோக உடம்பில் சேர்த்துக்கொண்டது எவ்வளவு என்பதை அது சொல்லும். உண்டாக்கியதில் ஏறத்தாழ பாதியை மரமே சுவாசித்துத் தீர்த்துவிடுகிறது. அந்தப் பாதி தராசில் ஏறாது. வீட்டுக் கணக்கில் சொன்னால், ஆண்டுக் கடைசியில் கையில் நின்ற மிச்சம் தெரியும். மாதாமாதம் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று தெரியாது.

வரவைத் தனியாகப் பிடிக்க முயன்றவர்களும் அன்று இருந்தார்கள். ஜப்பானில் மாசாமி மோன்சியும் தோஷிரோ சாயேகியும் செடிக்கூட்டங்களை மேலிருந்து கீழாக அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வோர் அடுக்கிலும் எவ்வளவு இலை, எவ்வளவு வெளிச்சம் என்று அளந்தார்கள். இலை கூடக்கூட வெளிச்சம் எந்த விகிதத்தில் தேய்கிறது என்பதற்கு 1953-இல் அவர்கள் கொடுத்த எளிய சமன்பாடு இன்றும் கணினி மாதிரிகளுக்குள் உயிரோடு இருக்கிறது. உச்சி இலை வெயிலில் திளைக்கும்; அடி இலைக்குக் கிடைப்பது இலை இடுக்குகளில் வழிந்து அவ்வப்போது நகரும் ஒளிப்பொட்டுகள் மட்டுமே. ஒரே மரத்தின் இரண்டு இலைகள் இரண்டு விதமாக வேலை செய்கின்றன. எனவே ஓர் இலையை அளந்து இலைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் விடை தப்பும். இதைத் தெளிவாக எண்ணால் காட்டியது அவர்கள் செய்த பெரிய உதவி.

போர்ட்டோ ரிக்கோவின் எல் வெர்டே மழைக்காட்டில் 1960-களில் ஹோவர்டு ஓடம் வேறு வழியில் போனார். ஓர் இலையைப் பெட்டிக்குள் அடைக்கலாம் என்றால் காட்டின் ஒரு துண்டை ஏன் அடைக்கக்கூடாது? நிற்கிற மரங்களைச் சுற்றி மாபெரும் பிளாஸ்டிக் உருளையை எழுப்பி, விசிறியால் காற்றை அதன் வழியே இழுத்து, உள்ளும் வெளியும் உள்ள கரியமில வாயுவின் வேறுபாட்டை அளந்தார். பிளாஸ்டிக் சுவருக்குள் வெப்பமும் ஈரமும் மாறும், இயல்பான காற்றோட்டம் நின்றுபோகும் என்ற குறைகள் உண்டு. என்றாலும் அந்தத் துணிச்சலுக்குத் தலைவணங்கத் தோன்றுகிறது. காடு முழுவதையும் ஒரே உயிராகக் கொண்டு அதன் மூச்சை அளக்கலாம் என்று செய்துகாட்டிய முயற்சி அது.

நியூயார்க்கின் லாங் ஐலண்டில் புரூக்ஹேவன் காட்டில் ஜார்ஜ் உட்வெல்லும் அவருடைய சகாவும் உருளைகூட வைக்கவில்லை. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெப்பக் காற்று மூடிபோல் நின்றுவிடும் நாட்களுக்காகக் காத்திருந்தார்கள். காற்று அசையாத அந்த இரவுகளில் காடு வெளிவிடும் கரியமில வாயு மரங்களுக்கிடையே தேங்கி ஏறும். ஏறும் வேகத்தை வைத்துக் காட்டின் சுவாசத்தைக் கணக்கிட்டு 1966-இல் வெளியிட்டார்கள். அசையாத இரவு அவர்களுக்குக் கருவி. அதே இரவுகளை இன்றைய ஆய்வாளர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

விந்தை என்னவென்றால், வடகோளக் காடுகளின் பருவத் தாளம் முதலில் துல்லியமாகப் பதிவானது எந்தக் காட்டிலும் இல்லை. 1958 மார்ச்சில் சார்லஸ் கீலிங் பசிபிக் நடுவே ஹவாயின் மவுனா லோவா எரிமலைச் சரிவில் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். மே வரை ஏறிய எண், பிறகு மாதாமாதம் இறங்கி, செப்டம்பர், அக்டோபரில் தாழ்ந்து, மறுபடியும் ஏறியது. ஏற்ற இறக்கத்தின் அளவு பத்து லட்சத்தில் சுமார் ஆறு பங்கு. வடகோளம் முழுவதும் கோடையில் இலை விட்டுக் காற்றைக் குடிப்பதும், குளிர்காலத்தில் திருப்பிக் கொடுப்பதும் அந்த வளைகோட்டில் தெரிந்தது. ஆனால் எந்தக் காடு, எந்த நிலம், எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது.

பிரித்துச் சொல்லும் வேலைக்குத்தான் பீட்டர்ஷாமில் கோபுரம் எழுந்தது. ஸ்டீவன் வோஃப்சி அடிப்படையில் வளிமண்டல வேதியியலாளர். அவருடைய குழு 1980-களின் இறுதியில் ஓக், மேப்பிள் மரங்களுக்கு மேலே சுமார் 30 மீட்டர் உயரத்துக்கு மெலிந்த இரும்புக் கோபுரம் நிறுத்திக் கருவிகளைப் பொருத்தியது.

அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். கோபுர உச்சியில் நீட்டிய கரத்தின் முனையில் ஒலிவழிக் காற்றுமானி இருக்கும். சுழலும் கிண்ணம், ஆடும் இதழ் எதுவும் கிடையாது. விரல்போன்ற மூன்று ஜோடிச் சிறு முனைகள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். ஒரு முனையிலிருந்து எதிர்முனைக்குக் காதுக்குக் கேட்காத ஒலித்துடிப்பு போகும். காற்று எதிர்த்து வீசினால் துடிப்பு தாமதமாகச் சேரும். கூடவே வீசினால் முந்திச் சேரும். மூன்று திசைகளிலும் இப்படி அளப்பதால் காற்று மேலே போகிறதா, கீழே வருகிறதா என்பது நொடிக்குப் பலமுறை தெரிந்துவிடும். பக்கத்திலேயே ஒரு குழாய் காற்றை உறிஞ்சி அகச்சிவப்புக் கதிர் பாயும் அறைக்கு அனுப்பும். கரியமில வாயு அந்தக் கதிரை விழுங்கும். விழுங்கிய அளவிலிருந்து காற்றில் அது எவ்வளவு என்று தெரியும்.

காட்டுக்கு மேலே காற்று சீராக ஓடுவதில்லை. சுழிசுழியாகப் புரண்டு இறங்கும், ஏறும். பகலில் இறங்கும் சுழியில் கரியமில வாயு சற்று அதிகம். இலைகளைத் தொட்டுவிட்டு ஏறும் சுழியில் சற்றுக் குறைவு. அந்தச் சிறு வேறுபாட்டைக் கூட்டிக்கொண்டே போனால், காடு எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று வரும். இத்தகைய கோபுரங்களில் பொதுவாக அரைமணிக்கு ஒரு கணக்கு. ஆண்டுக்கு 17,520 அரைமணிகள். ஆண்டுக்கு ஓர் எண் கிடைத்த இடத்தில் வந்த மாற்றம் இது.

1990 ஏப்ரல் முதல் 1991 டிசம்பர் வரை அளந்ததை 1993-இல் வெளியிட்டார்கள். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 3.7 டன் கார்பன் மிச்சம். செலவு, அதாவது மரமும் மண்ணும் சேர்ந்து சுவாசித்தது, 7.4 டன். எனவே வரவு 11.1 டன். உலகக் கார்பன் கணக்குகளில் மிதவெப்பக் காடுகளுக்கு அதுவரை எழுதிவைத்திருந்ததைவிட இது அதிகம். ஏன் என்பதற்கு விடை கண்ணாடிக்குள் இருக்கும் அந்த மாதிரிக் காட்சிகளில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வயலாக இருந்த நிலம் இன்னும் காடாகித் தேறிக்கொண்டிருந்தது.

தொடர்ந்து அளந்தபோது வேறொன்று தெரியவந்தது. 1991 முதல் 1995 வரையிலான ஐந்து ஆண்டுகளின் மிச்சம் 1.4 முதல் 2.8 டன் வரை மாறியது என்று 1996-இல் அதே குழு எழுதியது. மிச்சம் 1991-இலும் கூடுதல், 1995-இலும் கூடுதல். காரணம் வேறுவேறு. 1991-இல் ஒளிச்சேர்க்கை அதிகம். 1995-இல் சுவாசம் குறைவு. ஒளிச்சேர்க்கை ஆண்டுக்கு ஆண்டு மாறியதற்குக் காரணம் இலை எப்போது விரிந்தது, எப்போது பழுத்தது என்பது. சுவாசம் மாறியதற்குக் காரணம் மண்ணின் வெப்பம், குளிர்காலப் பனியின் ஆழம், கோடை வறட்சி. இரண்டு ஆண்டு எடையைக் கழித்துப் பார்க்கும் முறைக்கு இந்த வேறுபாடு ஒருநாளும் பிடிபட்டிருக்காது. என் பார்வையில் கோபுரம் தந்த பெரிய கொடை டன் கணக்கு இல்லை. பருவத்தின் காலக்கணக்கு வந்துசேர்ந்ததுதான்.

இங்கே வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோபுரம் அளப்பது மிச்சத்தை மட்டுமே. பகலில் இலை இழுப்பதும் மண் விடுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இரண்டும் கழிந்துபோன விளைவுதான் உச்சிக்கு வருகிறது. வரவை அறிய ஒரு சுற்றுவழி இருக்கிறது. இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது. எனவே இரவில் அளப்பது முழுவதும் செலவு. வெப்பம் கூடினால் சுவாசம் கூடும் என்ற உறவை இரவு எண்களிலிருந்து கண்டுபிடித்து, அதே உறவு பகலிலும் செல்லும் என்று கொண்டு பகல் செலவைக் கணித்து, மிச்சத்தோடு கூட்டினால் வரவு. உலகெங்கும் கோபுரங்கள் சொல்லும் ஒளிச்சேர்க்கை எண் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். அது அளவீடு இல்லை, மதிப்பீடு.

இரவு எண்ணிலேயே தொல்லை உண்டு. காற்று அசையாத இரவில் காடு விடும் கரியமில வாயு கோபுர உச்சிக்கு ஏறாமல் அடியிலேயே தேங்கும், சரிவிருந்தால் வழிந்தோடிவிடும். கருவி அதைப் பார்க்காது; காடு குறைவாகச் சுவாசித்ததாகக் கணக்கு காட்டும். எனவே அத்தகைய இரவுகளின் எண்களை நீக்கிவிட்டு, காற்றடித்த இரவுகளை வைத்து இட்டு நிரப்புகிறார்கள். உட்வெல் காத்திருந்து வரவேற்ற இரவுகள் இன்று கழித்துக் கட்டப்படுகின்றன.

பகலும் இரவும் ஒரே உறவுக்குக் கட்டுப்படும் என்ற நம்பிக்கையிலும் ஓட்டை இருந்தது. வெளிச்சத்தில் இலையின் சுவாசம் குறைகிறது என்பதைப் பெசல் காக் என்ற டச்சு அறிவியலாளர் 1940-களிலேயே ஆய்வகத்தில் கவனித்திருந்தார். காடு முழுவதிலும் அது நடக்கிறதா என்று சொல்ல வழியில்லாமல் இருந்தது. பீட்டர்ஷாமிலேயே ரிச்சர்டு வெர் என்பவரும் குழுவினரும் லேசர் கருவியால் கார்பனின் கனமான ஐசோடோப்பையும் இலேசானதையும் தனித்தனியே தொடர்ந்து அளந்தார்கள். ஒளிச்சேர்க்கை கனமான கார்பனைச் சற்று ஒதுக்கி இலேசானதை விரும்பி எடுக்கும். சுவாசம் விடுவதில் வேறு விகிதம். இந்த வேறுபாட்டை வைத்துப் பகலிலேயே வரவையும் செலவையும் பிரிக்கலாம். மூன்று ஆண்டு அளந்து 2016-இல் சொன்னார்கள்: காடு இரவில் சுவாசிப்பதைவிடப் பகலில் குறைவாகச் சுவாசிக்கிறது. ஆகவே வழக்கமான முறை இலைப்பருவத்தின் முதல் பாதியில் ஒளிச்சேர்க்கையை மிகைப்படுத்திக் காட்டியிருக்கிறது. அந்த இடத்தில் அதுவரை வரைந்துவந்த பருவ வளைகோட்டின் வடிவமே தவறு. கால் நூற்றாண்டாக ஒரே காட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் இப்படி ஒரு திருத்தம் சாத்தியமானது என்று நான் நினைக்கிறேன்.

கோபுரங்களில் கேமராக்கள் வந்ததும் இன்னொரு மயக்கம் தெளிந்தது. ஆண்ட்ரூ ரிச்சர்ட்சன் முன்னின்று வளர்த்த கேமரா வலையமைப்பு, காட்டுக்கூரையைப் பகல் முழுவதும் அரைமணிக்கு ஒருமுறை படமெடுக்கிறது. படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டி, அதில் பச்சை எத்தனை பங்கு என்று பார்த்தால் வசந்தம் விரிவது நாள்வாரியாகத் தெரியும். ஆனால் பச்சைப் பங்கு உச்சம் தொடுவது தளிர் வெளுத்துப் பளபளக்கும் நாட்களில். இலையில் பச்சையம் முழுமையாகச் சேர்வது அதற்குச் சில வாரங்கள் கழித்து. கண்ணுக்குப் பசுமையாக இருப்பதும் வேலை செய்வதும் ஒன்றல்ல என்பதை ஓக் இலையே காட்டிக்கொடுத்துவிட்டது.

பசுமை மாறாத ஊசியிலைக் காடுகளில் இந்த மயக்கம் இன்னும் பெரிது. கொலராடோவின் ராக்கி மலையில் சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் நைவாட் ரிட்ஜ் காடு இருக்கிறது. ஜனவரியிலும் அங்கே மரங்கள் பச்சைதான். ஆனால் உறைபனியில் ஒளிச்சேர்க்கை நின்றுகிடக்கும். செயற்கைக்கோளிலிருந்து பசுமையைப் பார்த்து ஒளிச்சேர்க்கையைக் கணிக்கும் முறைகள் இங்கே தடுமாறின. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெரா செயற்கைக்கோள் உலகம் முழுவதற்கும் எட்டு நாளுக்கு ஒருமுறை ஒளிச்சேர்க்கை மதிப்பீடு தருமளவுக்கு வழிசெய்தது பெரிய சாதனைதான். அதன் அடிப்படைச் சிந்தனை, 1970-களில் ஜான் மான்டித் சொன்னது: பயிர் விழுங்கும் ஒளிக்கும் அது ஆக்கும் பொருளுக்கும் நேர்த்தொடர்பு உண்டு. எவ்வளவு ஒளியை விழுங்கியது என்பது வானிலிருந்து தெரியும். விழுங்கியதை இலை பயன்படுத்தியதா, வெப்பமாக வெளியே தள்ளியதா என்பது தெரியாது.

அதற்கு இலையே ஒரு தடயம் விடுகிறது. பச்சையம் தான் விழுங்கிய ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைக் கருஞ்சிவப்பு ஒளிர்வாகத் திரும்ப உமிழ்கிறது. பட்டப்பகலில் வெயில் தெறிக்கும் இலையில் இவ்வளவு மெல்லிய ஒளிர்வை எப்படிப் பார்ப்பது? சூரியனின் வெளியடுக்கில் உள்ள வாயுக்கள் சில நிறங்களை விழுங்கிவிடுவதால் வெயிலின் நிறமாலையில் மெல்லிய கறுப்புக் கோடுகள் உண்டு. ஃப்ரான்ஹோஃபர் கோடுகள் என்பார்கள். எதிரொளித்த வெயிலிலும் அந்தக் கோடுகள் அதே கறுப்போடு இருக்க வேண்டும். இலை தானாக ஒளிர்ந்தால் கறுப்பு சற்று வெளுக்கும். அந்த வெளுப்பே ஒளிர்வின் அளவு. ஜப்பான் 2009 ஜனவரியில் கரியமில வாயுவை அளக்க ஏவிய இபுகி செயற்கைக்கோளின் தரவில், 2011-இல் ஜோவன்னா ஜாய்னர் குழுவும் கிறிஸ்டியன் ஃபிராங்கன்பெர்க் குழுவும் தனித்தனியே இந்த வெளுப்பைக் கண்டுபிடித்து, பூமி முழுவதன் ஒளிர்வையும் படமாக வரைந்தார்கள். வேறு வேலைக்குப் போன கருவி இலைகளின் ஒளியைக் கொண்டுவந்தது.

பீட்டர்ஷாமில் கோபுரத்தின் மேலேயே நிறமாலைமானி வைத்து 2013-இல் இலைப்பருவம் முழுவதும் சோதித்தார்கள். காலையிலிருந்து மாலை வரையும், வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரையும் ஒளிர்வும் ஒளிச்சேர்க்கையும் கூடவே ஏறி இறங்கின. நைவாட் ரிட்ஜிலும் அப்படியே. பச்சை மாறாதபோதும் ஒளிர்வு குளிர்காலத்தில் தாழ்ந்து வசந்தத்தில் எழுந்ததை 2019-இல் காட்டினார்கள்.

பசுமையும் வேலையும் ஒன்றா என்று அமேசானில் நடந்த சச்சரவு தனிக் கட்டுரைக்குரியது. மழையில்லாத மாதங்களில் காடு வாடும் என்று கணினி மாதிரிகள் சொல்ல, தப்பஜோஸ் காட்டின் கோபுரம் அப்படியில்லை என்றது. 2006-இல் செயற்கைக்கோள் ஆய்வு ஒன்று வறண்ட பருவத்தில் பசுமை கூடுகிறது என்றது; 2014-இல் இன்னொரு குழு அது சூரியனின் கோணம் மாறுவதால் வந்த தோற்றம் என்று மறுத்தது. 2016-இல் கேமராவும் கோபுரமும் சேர்ந்து விளக்கின: மொத்த இலை பெரிதாகக் கூடுவதில்லை, வறண்ட மாதங்களில் கிழட்டு இலை உதிர்ந்து புது இலை வருகிறது, புது இலை சுறுசுறுப்பாக வேலை செய்கிறது.

இத்தனை கருவிகள் வந்தபிறகாவது உலகின் மொத்த வரவு முடிவாகிவிட்டதா? இல்லை. நிலத்துத் தாவரங்கள் ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளும் கார்பன் சுமார் 120 பில்லியன் டன் என்று நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லிவந்தன. 2024-இல் வந்த ஆய்வு 157 பில்லியன் என்கிறது. அது கார்பனைல் சல்பைடு என்ற வாயுவை வைத்துக் கணக்கிட்டது. இலைத்துளை வழியே கரியமில வாயுவோடு அதுவும் உள்ளே போகும், ஆனால் பெரும்பாலும் திரும்பி வராது. அந்த வாயுவின் பருவ ஓட்டத்தைக் காட்டுக்கு மேலே நின்று அளந்து பார்த்த இடங்களில் பீட்டர்ஷாமும் ஒன்று. இரண்டு மதிப்பீடுகளுக்கும் உள்ள வேறுபாடு, மனிதர் ஆண்டுக்கு எரித்து வெளியிடும் கார்பனைப்போல மூன்று மடங்குக்கு மேல். கையிலிருக்கும் கருவிகளைப் பார்த்துப் பெருமைப்படுவோர் இந்த இடைவெளியையும் பார்க்க வேண்டும்.

முறை மாறிக்கொண்டிருந்த காலத்திலேயே பருவமும் மாறிவிட்டது. பீட்டர்ஷாமுக்குக் கிழக்கே கான்கார்டு ஊரில் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1850-களில் எந்த மரம் என்றைக்கு இலைவிட்டது என்று பட்டியலிட்டு வைத்தார். ரிச்சர்டு பிரைமாக்கும் மாணவர்களும் நம் காலத்தில் அதே ஊரில் அதே மரவகைகளைப் பார்த்தபோது, இலை விரிவது இரண்டு வாரத்துக்கும் மேல் முந்திவிட்டிருந்தது. பீட்டர்ஷாமில் ஜான் ஓ'கீஃப் 1990 முதல் காட்டுப் பாதையில் நடந்து, அடையாளமிட்ட மரங்களின் மொட்டையும் இலையையும் கண்ணால் பார்த்துக் குறிப்பெடுத்தார். கேமராவும் செயற்கைக்கோளும் சரியாகச் சொல்கின்றனவா என்று சோதிக்கும்போது ஆய்வாளர்கள் திரும்பிப் போவது அவருடைய குறிப்புகளுக்கு. கிழக்கு அமெரிக்கக் காடுகளில் வசந்தம் முந்துவதாலும் இலையுதிர்வு பிந்துவதாலும் இருபது ஆண்டுகளில் மிச்சம் கூடியிருக்கிறது என்று 2014-இல் கண்டார்கள். கோபுர எண்களும் கண்ணால் எடுத்த குறிப்புகளும் செயற்கைக்கோள் படங்களும் ஒன்றாக இருந்ததால் முடிந்தது அது.

கோபுரம் விலை கூடியது. ஆனாலும் பணத்தைவிட அரிதானது, ஒரே இடத்தை முப்பது ஆண்டு விடாமல் அளப்பதற்கான பொறுமையும் அதை மதித்து நிதி தருகிற நிறுவனங்களும். நம் முதுமலையில் 50 ஹெக்டேர் பரப்பில் மரம் ஒவ்வொன்றையும் எண்ணிட்டு 1988 முதல் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து வருகிறார்கள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும் கோபுரம் நிறுத்திப் பருவக் கணக்கு பார்த்திருக்கிறார்கள். இவற்றை மூன்றாண்டு, ஐந்தாண்டுத் திட்டங்களாக நடத்தி இழுத்து மூடிவிடக்கூடாது. ஐந்து ஆண்டு எண்களை வைத்துப் பருவம் மாறுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

வாசகருக்கும் இதில் இடமுண்டு. சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் 2010 முதல் இந்தியா முழுவதும் பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஆளுக்கொரு மரத்தைத் தேர்ந்து, தளிர், முதிர்ந்த இலை, பூ, காய் என்று வாரம் ஒருமுறை பதிவு செய்கிறார்கள். மா, பலா, வேம்பு, புங்கை, கொன்றை, எது பக்கத்தில் இருக்கிறதோ அது போதும். உங்கள் தெருவில் புங்க மரம் இருந்தால், மாசி, பங்குனியில் அது இலை கொட்டித் தளிர்விடும் தேதியை இந்த ஆண்டு எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டும் எழுதுங்கள். விட்டுவிடாதீர்கள்.